பாலோ சங்கத்தின் ரப்பர் கொட்டை ஓட்டு

1937 பிப்ரவரி 7, ஞாயிறு. பாலோ.

குளுவாங் வண்டி இன்றும் நாற்பது நிமிடம் தாமதம். மழை விட்டபாடில்லை. ஸ்டேஷன் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது.

மூன்று மணிக்குச் சங்க வருடாந்தரக் கூட்டம். அமானுல்லா பாயின் துணிக்கடையை ஒட்டிய பலகை வீடுதான் எங்கள் சங்கம். எண்பத்துநான்கு அங்கத்தினர், பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். நான் காரியதரிசி. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி, எந்தத் தோட்டத்துக்கும் கட்டுப்பட்டவனில்லை, ஆகவே “ராஜசேகரன் நடுநிலை ஆள்” என்று இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நல்ல நடுநிலை!

தலைவர் பதவிக்கு இரண்டு பேர். ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கும், தோட்டத்து ஆட்களை வேலை ஏவும் பெரிய கங்காணி ஐயாசாமி. எதிர்த்து அமானுல்லா பாய். தோட்டத்து ஜனங்களின் குறையைக் குளுவாங்கில் தொழிலாளர் துரையிடம் கொண்டுபோக வேண்டியவர் சங்கத் தலைவர். குறையே ஐயாசாமிதான் என்றால் அது குளுவாங் போய்ச் சேருமா?

“கங்காணியாருக்கு யார்?” என்றேன். கைகள் காடாக எழும்பின. “பாய்க்கு யார்?” என்றேன். ஐயாசாமி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பாதி எழும்பிய கைகள் தலையைச் சொறியப் போயின. பன்னிரண்டுதான் நின்றது. முன் வரிசையில் காளியப்பன். நான் எண்ணி முடிக்கிறவரை கையை இறக்கவேயில்லை அந்த மனிதன்.

முடிந்ததும் ஐயாசாமி, “கிராணியாரே, ஏகமனதாத் தேர்ந்தெடுத்ததுன்னு எழுதிடுங்க. பன்னெண்டு கை ஒரு கையா?” என்றார்.

எழுதினேன். என் பேனாவால், என் கையெழுத்தில். சீ.

பிப்ரவரி 9, செவ்வாய்.

காளியப்பனின் பெண்சாதி கருப்பாயி, ஒரு கட்டு கங்குங் கீரையோடு சமையலறைப் பக்கம் வந்தாள். ஆறு மாதம் அவளுக்கு. நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

“நேத்து விடியக்கருக்கல்ல பெரட்டுல பேர் கூப்புடுறப்போ அவரு பால் வெட்டுற மர நெரைய மாத்திட்டாங்கம்மா. பத்தாம் நம்பர் மலைக்கு. அங்க எல்லாம் கெழட்டு மரம், பாலே வடியாது. ரெண்டு மைல் ஏறணும். வாளி தூக்க நானும் கூடப் போறேன்.”

அவள் போனபிறகு என் வீட்டுக்காரி புஷ்பவள்ளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“ஏகமனதுன்னு எழுதினீங்களே, அந்த மனசு எங்க இருக்குன்னு மலையேறிப் பாத்துட்டு வாங்க.”

பிப்ரவரி 10, புதன்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்தக் கீரையைத்தான் புஷ்பவள்ளி கடைந்திருந்தாள்.

பிப்ரவரி 23, செவ்வாய்.

பாய் கடையில் சிங்கப்பூர்ப் பத்திரிகை. சென்னையில் தேர்தல் நடந்து முடிந்த செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட, கட்சிக்கு ஒரு நிறத்தில் பெட்டியாம். மறைவில் போய்ப் போட்டுவிட்டு வரவேண்டியதுதானாம். யாருக்குப் போட்டான் என்று எவனுக்கும் தெரியாது.

“அலமாக்!” என்று வியந்து பாய் துணி அளக்கும் கோலைக் கீழே போட்டுவிட்டார். “தம்பி, இதுதான். கை தூக்குறத நிறுத்தணும். நம்ம சங்கத்துக்கும் பெட்டி வைக்கணும்.”

“தோத்தவர் கேட்டா தோத்த வயித்தெரிச்சல்னு சொல்வாங்க பாய்.”

“சொல்லட்டுமே. எனக்கு எரியத்தான் செய்யுது. காளியப்பன் பெண்சாதி மலையேறுறா, எனக்கு எரியாதா?”

விசேஷக் கூட்டம் கூட்டச் சொல்லிப் பத்துப் பேர் கைநாட்டு வேண்டும். பாய் சாயங்காலத்துக்குள் பதினொன்று வாங்கிவிட்டார். காளியப்பன்தான் முதல் கைநாட்டு.

பிப்ரவரி 28, ஞாயிறு.

இன்று நடந்ததற்குக் கூட்டம் என்று பெயர்.

பாய் பேசினார், நிதானமாக. சென்னைச் செய்தியைப் படித்துக் காட்டினார். உடனே ஐயாசாமியின் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவன், “ஆம்பளைன்னா எல்லாரும் பாக்கக் கையத் தூக்கணும், பொட்டிக்குள்ள ஒளிக்கிறது திருட்டுத்தனம்” என்றான். இன்னொருவன், “மனசு சுத்தமா இருந்தா எதுக்குத் திரை?” என்றான். இந்த யோக்கியர்கள் வீட்டில் குளிப்பதற்கு மட்டும் திரை எதற்காம்?

சின்னத்தம்பி என்று ஒரு பால் வெட்டுக்காரர், வயதானவர், இதுவரை சங்கத்தில் வாய் திறந்ததேயில்லை. அவர் எழுந்து, “எனக்குப் பயமா இருக்குதுங்க. அதான் ஒளிக்கணும்னு கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரப் பேச்சில் உண்மை அது ஒன்றுதான்.

கடைசியில் ஓட்டுக்கு விட்டேன். பெட்டி வேண்டுமா வேண்டாமா என்பதற்கு, வேறு வழி? — கை தூக்கச் சொல்லித்தான்! பாயையும் காளியப்பனையும் தவிர ஒரு கை எழும்பவில்லை. எல்லோர் கண்ணும் ஐயாசாமி மேல். அவர் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே தன் கையைத் தூக்கினார்.

“சென்னையிலேயே வந்துடுச்சு, நாம மட்டும் பின்தங்கலாமா? பொட்டி வைங்க. தேர்தலையும் திரும்ப நடத்துங்க. எனக்கென்ன பயம்?”

எண்பது கைகளும் சடசடவென்று மேலே. அவர் கையிலிருந்துதான் சுதந்திரத்தைக்கூட வாங்கவேண்டியிருக்கிறது.

இருந்தாலும் ஜெயித்துவிட்டோம். சின்னத்தம்பி வாசலில் என் கையைப் பிடித்து, “நிஜமாவே தெரியாதுங்களா ஐயா?” என்றார். “சத்தியமாத் தெரியாது” என்றேன்.

மார்ச் 6, சனி.

பெட்டி வேலை என் பொறுப்பு. ஐயாசாமிக்கு ஒரு பழைய தேயிலைப் பெட்டி, நீலம். பாய்க்குப் பெரிய பிஸ்கட் டின், சிவப்பு. மேலே துவாரம். ஆளுக்கொரு ரப்பர் கொட்டை தரவேண்டும், திரைக்குப் பின்னால் போய் வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். தோட்டம் முழுக்க ரப்பர் கொட்டை இறைந்து கிடக்கிறதே, மடியில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினால்? அதற்கும் வழி செய்தேன். எண்பத்துநான்கு கொட்டையிலும் வெள்ளைப் பெயின்டால் என் ஒற்றைக் கோடு. கோடு இல்லாதது செல்லாது.

புஷ்பவள்ளி அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள். சோதனைக்கு இரண்டு கொட்டைகள் போட்டுக் காட்டினேன்.

“என்னங்க, டின்னு இவ்வளவு சத்தம் போடுதே?”

“உனக்கு எதிலயும் ஒரு குத்தம். பேசாம இரு” என்றேன்.

மார்ச் 13, சனி.

ஐயாசாமி பெட்டிகளைப் பார்க்க வந்தார். இரண்டையும் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். “நல்ல பொட்டி, கிராணியாரே. மூளைக்காரர் நீங்க” என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது! நாளைக்கு வெளியே, பலகைச் சுவரோரம் தனக்கு ஒரு பெஞ்சு போடச் சொன்னார். உள்ளே இருந்தால் ஜனங்கள் கூச்சப்படுவார்களாம். என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன்.

மார்ச் 14, ஞாயிறு.

எழுதித்தான் ஆகவேண்டும்.

முதல் நான்கு பேரும் பிஸ்கட் டின்னில் போட்டார்கள். டங். டங். டங். டங். நான் மேஜையில் உட்கார்ந்து சந்தோஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன், மடையன். நான்காவது ஆள் சின்னத்தம்பி. அவர் வாசல் தாண்டியதும் வெளியே ஐயாசாமியின் குரல், நிதானமாக: “வா சின்னத்தம்பி. பாய் பொட்டியா? பரவால்ல, போயிட்டு வா.”

சுவர் ஒரு விரல் கனம். அந்தப் பெஞ்சு பெட்டிகளுக்கு நேர் பின்னால்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. அதற்குப் பிறகு தொப், தொப், தொப். எல்லாம் தேயிலைப் பெட்டி. ஒவ்வொரு தொப்புக்கும் வெளியே ஒரு “நல்லாரு.” நிறுத்தியிருக்கலாம். “கூட்டம் ரத்து, பெட்டியை மாற்றிவிட்டு மறுபடி நடத்துவோம்” என்று எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. ஊரெல்லாம் என் பெட்டி என் பெட்டி என்று பீற்றியிருந்தேனே, அந்த வெட்கம் என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டது.

காளியப்பன் வந்தான். கொட்டையை வாங்கினான். அவனுக்கும் தெரியும். திரைக்குப் பின்னால் போனான். அப்புறம் டங். தலைக்கு மேலிருந்து போட்டிருக்கவேண்டும், அவ்வளவு சத்தம். அவன் பின்னால் இன்னொருவன், அதே டங்.

போட்டியிட்ட இருவரும் போடவில்லை. மற்றவர்களில் வந்து போட்டவர் எண்பத்தொன்று. ஐயாசாமி எழுபத்தைந்து, பாய் ஆறு. வெட்டவெளியில் தூக்கிய கை பன்னிரண்டு. மறைத்துப் போட்ட ஓட்டு ஆறு! என் மூளைக்குக் கிடைத்த பலன்.

மார்ச் 15, திங்கள்.

ஐந்து பேருக்குப் பத்தாம் நம்பர் மலை. சின்னத்தம்பிக்கும். காளியப்பனை வேலையிலிருந்தே பேர் வெட்டிவிட்டார்கள். நாளைக்குள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும், ஏழு மாத வயிற்றுக்காரியோடு.

ஸ்டேஷனுக்கே வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“எனக்கு ஒண்ணும் இல்லிங்கய்யா. கை தூக்குனப்பவும் தெரிஞ்சுதான் தூக்குனேன், நேத்தும் தெரிஞ்சுதான் போட்டேன். சின்னத்தம்பி அண்ணனை நெனச்சாத்தான் மனசு கேக்கல. நீங்க தெரியாதுன்னு சொன்னீங்களேன்னு போட்டாரு.”

வண்டிக்குக் கொடி காட்டப் போகிறவன்போல் நடித்துப் பிளாட்பாரத்து முனைக்குப் போய் நின்றேன். அந்த நேரத்தில் வண்டியே கிடையாது.

மார்ச் 16, செவ்வாய்.

ஐயாசாமி மேல் அருவருப்பு. என்மேல் அதைவிட.

மார்ச் 27, சனி.

தண்டவாள மேஸ்திரியை மூன்று தடவை பார்த்தேன், நாலாவது தடவை இரங்கினார். காளியப்பனுக்கு ரயில்வே கேங்கில் தண்டவாளம் செப்பனிடும் வேலை. கேங் வீட்டில் ஓர் அறை. அவன் நன்றி சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எதற்கு நன்றி?

மே 21, வெள்ளி.

கருப்பாயிக்குப் பெண் குழந்தை. புஷ்பவள்ளி போய்விட்டு வந்து வெகுநேரம் சிரித்த முகமாக இருந்தாள்.

1938 ஜனவரி 30, ஞாயிறு.

அடுத்த ஞாயிறு சங்கத் தேர்தல். மறுபடி ஐயாசாமி, மறுபடி பாய். பெட்டி முறையே இருக்கட்டும் என்று ஐயாசாமிதான் முதலில் சொன்னார். “நல்ல பழக்கத்தை விடக்கூடாது.” ஏன் விடுவார்? கை எண்ணுவதைவிட அவருக்கு அதுதான் சுகம்.

இரண்டையும் தகரமாகச் செய்யலாமா, வேறு இடத்தில் வைக்கலாமா என்று சமையலறையில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். தட்டினால் இரண்டு தகரமும் இரண்டு விதமாக ஒலிக்கிறது. சங்கத்திலோ ஒரே அறை, நாலு பக்கமும் அதே பலகை. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த கருப்பாயி குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏங்கய்யா, அடியில துணி போட்டாச் சத்தம் வராதுங்களே?” என்றாள்.

கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தேன்.

“ஒரு வருஷமா இத யோசிக்கலையா நீங்க?” என்று புஷ்பவள்ளி கேட்டாள். அப்புறம் அவளே, “நான் சொன்னப்பவே பேசாம இருன்னு சொன்ன ஆளாச்சே” என்றாள்.

கருப்பாயி தன் பழைய சேலையில் பாதியைக் கிழித்து, மடித்து மடித்து இரண்டு பெட்டியின் அடியிலும் திணித்தாள். கொட்டையைப் போட்டுப் பார்த்தோம். மறுபடி போட்டோம். தொட்டிலில் தூங்கிய குழந்தை அசையவில்லை.

பெட்டி இனிச் சத்தம் போடாது என்று லயத்தில் இருக்கும் தன் தங்கை செல்லத்திடம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள். ஆம்பிளைகள் காதில் போடவேண்டாம், பெண்சாதிமார் காதில் போட்டால் போதுமாம்.

பிப்ரவரி 6, ஞாயிறு.

அதே சுவர், அதே பெஞ்சு, அதே வெற்றிலைப் பெட்டி. முதல் ஆள் திரைக்குப் பின்னால் போனார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் வெளியே வந்தார். ஐயாசாமி கூப்பிடவில்லை. இரண்டாவது. மூன்றாவது. பலகை இடுக்கில் பார்த்தேன் — வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, சுவரோடு சாய்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தாவது ஆள் வெளியே வந்தபோது, “டேய், எதுலடா போட்ட?” என்றே கேட்டுவிட்டார்.

“உங்களுக்குத்தாங்க” என்றான் அவன். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். ஐயாசாமி நாற்பத்துமூன்று. பாய் முப்பத்தொன்பது.

தோற்றுத்தான் போனோம். பாய் என் தோளைத் தட்டினார். ஐயாசாமி முகத்தில் ஜெயித்த களையே இல்லை. “ஏகமனதா —” என்று ஆரம்பித்தார். “நாற்பத்துமூன்று, முப்பத்தொன்பது” என்று உரக்கப் படித்துக்கொண்டே எழுதினேன்.

பிப்ரவரி 8, செவ்வாய்.

செல்லம் வந்து சொன்னாளாம். நேற்றும் இன்றும் பெரட்டில் ஐயாசாமி யாரையும் வையவில்லை. யாருக்கும் நிரை மாற்றவில்லை. லாந்தரைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாராம், அந்த முப்பத்தொன்பது பேர் யார் யாரென்று தேடுகிறவர்போல். பிறகு ஒவ்வொருவராக விசாரித்தாராம். “என்னப்பா, சாப்டியா?” “புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” ஏழு வருடத்தில் வாயில் வராத வார்த்தைகள்.

மலைக்குப் போகும் சின்னத்தம்பியையும் மற்ற நாலு பேரையும் மட்டும் ஒன்றும் கேட்கவில்லையாம். அவர்களைத்தான் அவருக்குத் தெரியுமே.