மைதீன் பீவியின் இடுப்பில் இருப்பது பாதி மூட்டு

அனுப்புநர்
மீ. நைனா முகமது (வயது 66),
ஜெராக்ஸ், லேமினேஷன் தொழில்,
காஜிமார் தெரு, மதுரை.

பெறுநர்
உயர்திரு குறைதீர் அலுவலர் அவர்கள்,
குடும்ப மருத்துவ உதவித் திட்டம்,
மதுரை.

பொருள்: என் மனைவியின் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக் கோப்பிலிருந்து ஒரே ஒரு தாளின் நகல் கேட்டு, நான்காவது முறையாக.

பார்வை: எனது 11.11.2024, 20.1.2025, 7.4.2025 தேதியிட்ட மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முந்தைய மூன்று மனுக்களையும் ஆள் வைத்து எழுதினேன். அவற்றில் ஒரு விஷயத்தை மறைத்திருந்தேன். அதனால் இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. 2021 டிசம்பரில் என் மனைவி மைதீன் பீவி தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யப் போன இடத்தில், குழாயடி ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். வலது தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்தது. திருநகரில் அப்போது இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில், தங்கள் திட்டத்தின் கீழ் 17.12.2021 அன்று மூட்டு மாற்றினார்கள். இரண்டரை ஆண்டு நன்றாகவே நடந்தாள். அந்த மருத்துவமனை இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தில் பாத்திரக் கடை நடக்கிறது.

3. அன்று என்ன மாற்றினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூட்டு என்றால் மூட்டு என்று இருந்துவிட்டேன். இப்போது பசுமலையில் பார்க்கும் டாக்டர் அஸ்வினிதான் படம் போட்டு விளக்கினார். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் உருளும் பந்தும். இரண்டையும் மாற்றினால் முழு மாற்று. பந்தை மட்டும் மாற்றிவிட்டு, கிண்ணத்தைச் சொந்த எலும்பாகவே விட்டால் அரை மாற்று. பந்தைத் தாங்கும் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் இறக்குவார்கள். அதைச் சிமெண்ட் போட்டுப் பிடிக்க வைப்பதும் உண்டு, எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ள விடுவதும் உண்டு. என் மனைவிக்குச் செய்திருப்பது சிமெண்ட் போட்ட அரை மாற்று. உலோகம் உரசி உரசிக் கிண்ணம் தேய்ந்துவிட்டது. இனி செயற்கைக் கிண்ணம் வைத்து முழுதாக்க வேண்டும். இந்த ஆண்டைத் தாண்டினால் அதைப் பொருத்த எலும்பு மிஞ்சாது என்கிறார்.

4. தங்கள் கணினியிலோ ‘முழு மாற்று’ என்று பதிவாகியிருக்கிறது. முழுதாக மாற்றியவருக்கு மறுபடி கிண்ணம் எதற்கு என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. எக்ஸ்ரேயைக் காட்டினேன். அது போதாது, உள்ளே வைத்த உறுப்பின் ஸ்டிக்கர் வேண்டும் என்றார்கள்.

5. டாக்டருக்கும் அந்த ஸ்டிக்கர்தான் வேண்டும். தண்டு எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால் அதைத் தொடாமல் பந்தை மட்டும் மாற்றிக் கிண்ணம் வைத்துவிடலாமாம். தெரியாவிட்டால் தண்டைச் சிமெண்டோடு பெயர்த்தெடுக்க வேண்டிவரும். அம்புட்டு பெரிய அறுவையை அவளுடைய இதயம் தாங்காது என்று இதய மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார்.

6. அந்த ஸ்டிக்கர் எங்களிடம் இருந்தது, ஐயா. டிஸ்சார்ஜ் அட்டையின் பின்பக்கம் ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே, கெட்டியாக இருக்கட்டும் என்று அட்டையை லேமினேஷன் மெஷினில் விட்டேன். வெளியே வந்தபோது ஸ்டிக்கர் முழுக்கக் கறுத்திருந்தது. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. ஏடிஎம் சீட்டைக் கொண்டுவருகிறவர்களை அதற்காகவே திருப்பி அனுப்புகிறவன் நான், முப்பத்தொரு வருடமாக. ஆஸ்பத்திரி ஸ்டிக்கரும் அதே ஜாதித் தாள் என்று தோன்றவில்லை. ஒரு நகலாவது எடுத்துவிட்டுப் போட்டிருக்கலாம். ஜெராக்ஸ் மெஷின் இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

7. அதே ஸ்டிக்கரின் இன்னொரு பிரதி, மருத்துவமனை தங்களுக்கு அனுப்பிய கோப்பில் ஒட்டியிருக்கும். அதில் தண்டும் பந்தும் இருக்கும், கிண்ணம் இருக்காது. அந்த ஒரு தாளில் இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது. முதல் இரண்டு மனுக்களுக்கும் ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு, கோப்பைத் தேட வசதியாக ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் தெரிவிக்குமாறு கேட்டிருந்தீர்கள். அந்த எண்தான் கறுப்புக்குள் இருக்கிறது.

8. வாசலை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறோம். பகலெல்லாம் அதில்தான் இருக்கிறாள். தொழுகையும் உட்கார்ந்தபடிதான். கட்டிலுக்கடியில் ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய பை போன நவம்பரிலிருந்து இருக்கிறது. போன வாரம், “ஏங்க, அட்டைய வாங்கித் தொலச்சுப்புட்டு இம்புட்டு அலைய விடுறாகளே, அவுக வீட்லயும் பொம்பளைக இருப்பாகள்ல” என்றாள். அட்டையைத் தங்கள் அலுவலகம் தொலைத்துவிட்டதாக அவளிடம் சொன்னவன் நான்தான். என் கையால் போனது என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து வேளையும் அவள் தங்களைக் குறித்து இறைவனிடம் முறையிடுகிறாள். அதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

9. ஆகவே, மைதீன் பீவி என்ற பெயரையும் அறுவை நடந்த தேதியையும் வைத்துத் தேடி, அந்தத் தாளின் நகலைத் தர வேண்டுகிறேன். கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை. கோப்பு இல்லையென்றால், இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்தப் பையையாவது பிரித்து வைத்துவிடுவோம். எக்ஸ்ரே, இதய மருத்துவர் கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு, கறுத்த அட்டையின் அசலையும் இணைத்திருக்கிறேன். அட்டையை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டாம். அது தங்களிடமே தொலைந்ததாக இருக்கட்டும். பதிலிலும் அதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். என் கடை மாடிப்படிக்குக் கீழே இருப்பது, கதவு எண் கிடையாது. தபால் வீட்டுக்குத்தான் வரும். வாங்கிப் பிரிப்பவள் அவள்தான்.

இடம்: மதுரை
நாள்: 23.6.2025

இப்படிக்கு,
மீ. நைனா முகமது