வாடிப்பட்டிக் கூட்டத்தில் உன்னைப் பற்றிச் சொன்னேன்

என் பிரியமுள்ள முத்தையா அண்ணே,

நீ போய் நாலு வருஷமாகிறது. நான் இப்போது மதுரை கே.கே. நகரில் குடியிருக்கிறேன். காலேஜில் தாவரவியல் நடத்துகிறேன். மேற்கு மலைக் காட்டிலிருந்து மதுரைக்கு மரத்தடி ஏற்றி லாரி ஓட்டித்தானே என்னை அதைப் படிக்க வைத்தாய்? அந்த மலைப்பாதையில்தான் லாரி கவிழ்ந்து நீயும் போனாய்.

நான் படிக்கும்போது ஒருநாள், ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் எட்டாத தடி ஒன்று உன் லாரியில் இருந்தது. "இத வெட்டலாமாண்ணே?" என்றேன். "மரந்தானே, திரும்ப மொளைக்கும். நீ பஸ்ஸப் பிடி" என்றாய். அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாதோ?

போன மாதம் வாடிப்பட்டியில் விவசாயிகள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். மழைக்காட்டு மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அடிமரமாகவும் வேராகவும் சேர்த்து வைக்கிறது, வெட்டி எரித்தால் அது காற்றுக்கே திரும்புகிறது என்றேன். அந்த வாயு கூடக்கூட பூமியின் சூடு வெளியேறாமல் தங்கும். இலைகள் விடும் ஈரம் மேகமாகித் தொலைவில் மழையாகும். பிரேசில் காடு அழிந்தாலும் அதனால் ஏறும் சூடு உலகம் முழுக்கப் பரவும் என்றேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "அப்ப எங்க கெணறு வத்துனதுக்கும் அதான் காரணமா தாயி?"

"அது மட்டுந்தான்னு சொல்ல முடியாதுங்கய்யா. ஆனா காடு கொறைஞ்சா மழை மாறும்."

"அம்புட்டு மரத்தையும் அழிச்ச பாவிக யாரு?"

காண்ட்ராக்டர்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை அண்ணே. "எங்கண்ணன் மேற்கு மலை மரத்த ஏத்திட்டு வந்த டிரைவர். அதுலதான் நான் படிச்சேன்" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். உன் லாரியில் லோடு ஏற்றிய கருப்பையா அண்ணன்.

"ஏத்துனவன் நான். வேற வேலை கெடச்சிருந்தா அந்த மலைக்குப் போயிருப்பமா?"

"உக்காருப்பா, உன்னையச் சொல்லல" என்றார் பெரியவர்.

"இல்லண்ணே, எங்களையும் சேத்துத்தான் சொல்லணும்" என்றார் கருப்பையா அண்ணன்.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். இப்போது செல்லூரில் தறிப்பட்டறையில் வேலையாம். "முத்தையா இருந்து இதக் கேட்டிருந்தா கோவப்பட்டிருப்பானா தங்கச்சி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கோபப்பட்டிருப்பாயா?

இனி எந்த மேடையிலும் நீ செய்த வேலையை மறைக்க மாட்டேன். அதை யாருக்காகச் செய்தாய் என்பதையும் விடாமல் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி