இருநூற்றுப் பன்னிரண்டில் விட்ட எண்ணிக்கை

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை கடலோரத்தில் பறவை பார்க்கப் போனது மூன்று பேர்: நான் சமைக்கும் வீட்டுப் பெரியவர், அவர் மகள், நான். கடவுள் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அத்தையும் பாப்பாவும் சுகமாயிருக்கத் தினமும் கும்பிடுகிறேன்.

என் கணக்கு தப்பாது என்று பெரியவர் பைனாகுலரை என்னிடம் கொடுத்து, மணல்திட்டில் ஆலாப் பறவைகளின் குஞ்சுகளை எண்ணச் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்துவிட்டேன். அப்போது ஒரு தாய்ப்பறவை அலகில் மீனோடு கத்திக்கொண்டே இறங்கியது. அத்தனை குஞ்சுகளில் ஒன்றே ஒன்று ஓடிவந்தது.

"குரலை வெச்சே அம்மாவைக் கண்டுபிடிச்சிடும்க்கா" என்றார் மகள். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"என்னம்மா, நீயே கோட்டை விட்டுட்டியா?" என்று பெரியவர் சிரித்தார். கண்ணில் மணல் என்று சொல்லி நானும் சிரித்தேன்.

போன வாரம் பாப்பா ஃபோனை எடுத்து, "அப்பா, யாரோ ஒரு ஆன்ட்டி" என்று உங்களிடம் நீட்டினாளே, அதற்காக அவளைத் திட்டாதீர்கள். பேச்சு வருவதற்கு முன்னே விட்டு வந்தவள் நான்தானே.

காகிதத்தில் அவள் பாதத்தை வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். அவள் சாப்பிடும்போது ஃபோனைப் பக்கத்தில் வையுங்கள். அவள் பேச வேண்டாம், நான் பேசிக்கொண்டிருக்கிறேன். எந்த நேரம் தோதுப்படும் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.