பெரியப்பா போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, நானும் உன் சித்தப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில் "சரிம்மா, அப்புறம்" என்று கேட்பாய், எனக்குச் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேத்திக்குப் பல் விழுந்த படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தன் பல்லை எல்லாம் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் ஆடவில்லை என்று அன்று முழுக்க அவருக்கு முகம் சரியில்லை. தலை நரைத்துவிட்டதே தவிர மனசு இன்னும் பேத்தி வயதில்தான் இருக்கிறது.

அவர் அறையின் கூரை போன மாதம் பெயர்ந்து விழுந்துவிட்டது கண்ணு. பயப்படாதே, அடி ஒன்றும் படவில்லை. அவர் வழக்கம்போல வீட்டுத் தாழ்ப்பாள்களை எல்லாம் ஒரு சுற்று இழுத்துப் பார்க்கப் போயிருந்தார், அந்த நேரத்தில் சரியாகத் தலையணை மேல் ஒரு பாளம் விழுந்தது. போட்ட தாழ்ப்பாளையே எத்தனை தடவைதான் பார்ப்பீர்கள் என்று நான் எவ்வளவு கடிந்துகொண்டிருக்கிறேன், அந்தப் பழக்கம்தான் அவர் தலையைக் காப்பாற்றியது. கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். அவர் ஒரு கழியால் கூரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது பூசி மறைக்கிற வேலை இல்லம்மா, உள்ள கம்பியே துரு புடிச்சு ஊதிப்போச்சு, மொத்தமா எடுத்துட்டுத்தான் போடணும், மழைக்கு முன்னாடி செஞ்சா உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பாவுக்குக் கூடத்தில் கட்டில் போட்டு, அந்த அறையைப் பூட்டிவிட்டேன். வீட்டுக்கே பூட்டுக் காவல்காரர் அவர், இப்போது தன் அறைப் பூட்டுக்கு முன்னால் போய் நின்று, "அண்ணி, நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று கேட்கிறார். டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விடுகிறேன்.

செலவுக்குப் பணம் இல்லாமல் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். உனக்குத் தெரிந்த கதைதான், வக்கீலிடம் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. உன் தாத்தா இந்த வீட்டையும் வங்கியில் இருப்பதையும் சித்தப்பா இருக்கும் வரைக்கும் அவருக்கே என்று டிரஸ்ட் எழுதி, பெரியப்பாவும் நானும் சேர்ந்து நிர்வாகம் செய்ய வேண்டும் என்று வைத்தார். சொந்த மகனான உன் அப்பாவை விட்டுவிட்டு மருமகளைப் போட்டாரே என்று ஊரெல்லாம் பேச்சு. நீட்டின காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவன் இதற்கு ஆக மாட்டான் என்று உன் தாத்தா முகத்துக்கு நேராகவே சொன்னார். உன் அப்பாவுக்கு அது உள்ளூர வலித்தது எனக்குத் தெரியும். "பெரிய மனுஷங்க ரெண்டு பேரும் வந்தாச்சா, எங்களுக்கெல்லாம் அங்க என்ன வேலை" என்று கடைசிவரை கிண்டல் செய்தே அதைத் தீர்த்துக்கொண்டார். இருவரும் எதில் கையெழுத்துப் போட்டாலும் சித்தப்பா முன்னால் உட்கார்ந்துதான் போட வேண்டும், அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கக் கூடாது என்பதும் தாத்தா வைத்த ஏற்பாடு. சித்தப்பா பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், நாங்கள் போட்டு முடித்ததும் பேனாவை வாங்கி மூடி, "முடிஞ்சுது" என்பார், அதற்குப் பிறகுதான் யாரும் எழுந்திருக்கலாம். இவ்வளவு யோசித்த மனிதர், இருவரில் ஒருவரால் முடியாமல் போனால் அடுத்து யார் என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டபோது, நல்ல காரியம் நடக்கும்போது என்ன அபசகுனமான கேள்வி என்று கோபப்பட்டார். அந்த இடம் அப்படியே காலியாக நின்றுவிட்டது.

இப்போது பெரியப்பாவுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. ஒரு நாள் எல்லாம் சரியாகச் சொல்கிறார், மறுநாள் பெரியம்மாவைப் பார்த்து நீங்கள் யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்கிறார். கூரைக்குப் பணம் எடுக்கக் கொடுத்த தாளில் அவர் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். அந்த அதிகாரி நல்லவர்தான், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துத்தான் முடியாது என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான். பெரியம்மாவிடம் போனால், "கொஞ்சம் மறதி, அவ்வளவுதான், வயசானா யாருக்கு இல்ல" என்று முடித்துவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஒத்துக்கொண்டால் அது உண்மையாகிவிடுமே.

அப்புறம்தான் அந்த வக்கீல் அம்மாவிடம் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேசை லேசாக அதிரும். உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், பொறுமையாகச் சொன்னார். "அவர் தானா விலகுறேன்னு எழுதிக் கொடுக்கலாம்மா, ஆனா என்ன எழுதுறோம்னு அவருக்குப் புரியணும், கூட ஒரு டாக்டரும் இருக்கணும். புரியாதுன்னா கோர்ட்டுதான் அவரை விலக்கி வேற ஆளைப் போடணும். அதுக்கு அவருக்கு நினைவு சரியில்லன்னு நீங்க சத்தியம் பண்ணி எழுதித் தரணும்" என்றார். உன் கல்யாணத்தில் உன் அப்பா இருக்க வேண்டிய இடத்தில் நின்றவர் அவர், அவரைப் பற்றி நான் எப்படி அப்படி எழுதுவேன் சொல்லு. முதல் வழியையே பார்ப்போம் என்றேன். பெரியம்மாவும் அதற்குச் சம்மதித்தார், கோர்ட்டுக்கு மட்டும் போனால் இந்த வாசலை மிதிக்காதே என்ற ஒரு வார்த்தையோடு.

போன வாரம் காலையில் அவர் தெளிவாக இருக்கிறார் என்று பெரியம்மாவே போன் செய்தார். வக்கீல், டாக்டர், நான், சித்தப்பா எல்லோரும் போனோம். எனக்கு உயிரே திரும்பி வந்தது கண்ணு, அப்படி இருந்தார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி, "எனக்கு வயசாச்சு, இனி இளையவங்க பாத்துக்கட்டும்" என்று அவரே சொன்னார். கூரை இடிந்ததைச் சொன்னதும் சித்தப்பாவின் தலையைத் தடவிப் பார்த்தார். பெரியப்பா பேனாவை வாங்கி நிதானமாக, நடுக்கமே இல்லாமல் எழுதினார். சித்தப்பா பேனாவை மூடி, "முடிஞ்சுது" என்றார். வக்கீல் அம்மா தாளை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் உன் அப்பா பெயர் இருந்தது. முழுப் பெயரும், ஒரு எழுத்துப் பிசகாமல். நான் பெரியப்பா முகத்தைப் பார்த்தேன். "தம்பியை விட்டுட்டே எல்லாம் செய்யிறோம், அவனுக்கு மனசு கஷ்டப்படும்ல, அதான் அவன் பேரைப் போட்டேன், சாயங்காலம் வந்தா சொல்லிடு" என்றார். பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போனவர், நாங்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. உன் அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் பெயர் ஏறாத டிரஸ்ட், அவர் போன பிறகு அண்ணன் கையால் ஏறியிருக்கிறது. அழுவதா என்ன செய்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

படியிறங்கும்போது வக்கீல் அம்மா மெதுவாக, "இனி வேற வழி இல்லம்மா, கோர்ட்டுக்கு இந்தத் தாளே போதும், இதோட நீங்க எழுதித் தர்றதையும் சேர்த்துக் கொடுத்துடலாம்" என்றார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். தாள் என்னிடம்தான் இருக்கிறது. கொடுத்தால் அண்ணன் தம்பி பாசத்தை எடுத்துப் புத்தி கெட்டதற்குச் சாட்சியாக வைக்கிறேன், பெரியம்மா வாசலும் எனக்கு மூடிவிடும். கொடுக்காவிட்டால் மழை வரும், சித்தப்பா அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார். இருதலைக் கொள்ளி எறும்பாக இருக்கிறேன். கொடுக்கத்தான் வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. நீ உடனே லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, வந்தாலும் இதில் நீ செய்ய ஒன்றுமில்லை. கோர்ட்டில் எனக்குப் பின் யார் என்றும் கேட்பார்களாம். யோசித்துப் பார்த்தேன், உன் பெயரைத் தவிர வேறு பெயர் எனக்கு வரவில்லை, அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஆளைப் போடுவது கஷ்டம் என்கிறார் வக்கீல். அந்த இடத்தை நானும் இப்போதைக்குக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

குளிரில் தலை ஈரத்தோடு வெளியே போகாதே, பேத்தியை அதட்டாதே, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். புது வீட்டுக்குப் பத்திரம் எழுதப்போவதாகச் சொன்னாயே, அதில் உங்களுக்குப் பின் யார் என்று கேட்கிற இடம் வந்தால் அபசகுனம் என்று விட்டுவிடாமல் ஒரு பெயரை எழுதிவிடு கண்ணு. என் பெயரை மட்டும் எழுதாதே.

இப்படிக்கு
உன் அம்மா