உங்களை வழியனுப்பிய நாளில் நான் பந்தியில் நின்றேன்

என் பாசமுள்ள பூமணி அக்கா,

உங்களைத் தகனம் செய்த நேரத்தில் நான் ஸ்காபரோவில் ஒரு கல்யாண மண்டபத்தில் சோறு பரிமாறிக்கொண்டு நின்றேன். வேறு யாரும் உங்களுக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிட வேண்டும்.

பார்க்டேலில் உங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில், பிறந்தநாள் வீடுகளுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துத் தொடங்கினோம். பிறகு அஜின்கோர்ட்டில் கடைகளின் பின்பக்கம் ஒரு பெரிய குசினி, சாமான் ஏற்ற ஒரு வான், நாலு வேலையாட்கள். சமையல் உங்களுடையது. ஓடர் எடுப்பதும், ஆட்களைப் பிடிப்பதும், நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்குவதும் என்னுடையவை. உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்றுகூட நாங்கள் யோசித்து வைக்கவில்லையே.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து உங்கள் அவர், செல்வம் அத்தான், போன் எடுத்தார். காலையில் நெஞ்சு நோகுது என்று போன நீங்கள் மத்தியானம் இல்லை. அழுதேன். அழுதபடியே நாங்கள் ஓடர் எடுத்திருந்த சனிக்கிழமைக் கல்யாணத்தையும் நினைத்தேன். அதுதான் அக்கா, என்னை அரிக்கிறது. எப்போது நினைத்தேன்? போனை வைக்குமுன்னமேவா?

பிரான்ஸில் இருந்து உங்கள் தம்பி வந்து நிற்கக்கூடிய நாள் சனிக்கிழமை ஒன்றுதான். கிரியை மத்தியானம் என்றார்கள். கல்யாணப் பந்தியும் மத்தியானம். வேறு இரண்டு கேட்டரிங்காரரைக் கேட்டேன். ஒருவருக்கு அன்றைக்கே இன்னொரு கல்யாணம். மற்றவர், இவ்வளவு அவசரத்தில் தன்னால் முடியாது என்றார். பெண்ணின் தாய் கமலா அன்ரியிடம் உண்மையைச் சொல்லலாம் என்று ரிசீவரைத் தூக்கினேன். கல்யாண வீட்டுக்குள் செத்தவீட்டுக் கதையைக் கொண்டுபோனால் அபசகுனம் என்று கோபிப்பாரோ? எங்கள் பெயர் கெட்டுவிடுமோ? ரிசீவரை வைத்துவிட்டேன்.

வெள்ளி பின்னேரம் உங்களைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்துக்கு எல்லோருமாக வந்தோம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என் பேஜர் அடித்தது. மண்டப மனேஜர். அவருக்குப் போன் எடுக்க நான் வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது நேரம் முடிந்து கதவைச் சாத்தியிருந்தார்கள்.

அன்று இரவு முழுக்க நாங்கள் ஐந்து பேருமாக, நீங்கள் செய்கிற முறையிலேயே சமைத்து முடித்தோம். சனிக்கிழமை வேலையாட்களில் இரண்டு பேரை உங்களிடம் அனுப்பிவிட்டு, மற்ற இருவரோடு நான் மண்டபத்துக்குப் போனேன். பந்தி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஏதாவது குறை வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கமலா அன்ரி பட்டுச்சேலையோடு பரிமாறும் மேசைக்கு வந்தார்.

"பூமணியைக் காணேல்லை. எங்கை அவ?"

"அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை அன்ரி."

அந்த நேரம் உங்களுக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருப்பார்கள். அன்ரி உள்ளே போய் ஒரு சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, உதை அவவிட்டைக் குடும். வருத்தமாக் கிடக்கேக்கை ஆர் அவவுக்குச் சமைச்சுக் குடுக்கினமோ தெரியாது."

அந்தப் பார்சலை வானில் பக்கத்து சீற்றில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. அத்தானிடம் நடந்ததைச் சொல்லிப் பார்சலை நீட்டினேன். அவர் என்னை ஏசவில்லை. "மேசையிலை வையும்" என்றார், அவ்வளவுதான். ஏசியிருக்கலாம்.

திங்கட்கிழமை கமலா அன்ரியே போன் எடுத்து, உங்களுக்கு இப்போது எப்படி என்று கேட்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. எங்கடை பெடியள் பரிமாறியிருப்பினம். நீர் போயிருக்கலாம்."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. அந்த வீட்டு மனிதர்களோடு எத்தனை தரம் சிரித்துப் பேசி ஓடர் எடுத்திருப்பேன்? ஆனாலும் அவர்களை நான் வாடிக்கையாளர் என்று மட்டும்தான் நினைத்திருக்கிறேன். உங்களையும் அப்படித்தானா, சமையலுக்கு ஒரு ஆள் என்றுதானா, கடைசியில் நினைத்துவிட்டேன்?

இப்போது குசினியில் இன்னொருவரையும் சமையலுக்குச் சேர்த்திருக்கிறேன். யாருக்கு என்ன நடந்தாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். இதை நீங்கள் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்றைக்கு ஒரு பெரிய ஓடர் வந்தது. காரணத்தைச் சொல்லி, முடியாது என்றேன். அவர்களும் விளங்கிக்கொண்டார்கள். அன்றைக்குப் பேஜரை வீட்டில் விட்டுவிட்டு வருவேன் அக்கா. உங்களுக்குப் படைப்பதை நானே சமைப்பேன். கடைசி ஆள் சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் உங்கள் வீட்டிலேயே நிற்பேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
சாந்தி