தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிய காரம்

என் அன்பு அண்ணாவுக்கு,

நேற்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன், நீங்கள் வேலை செய்த வளர்ப்பு மீன் கடைக்கு. உங்கள் உடுப்புகள் அங்கே கிடப்பதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா வெள்ளவத்தையை விட்டு அந்தப் பக்கம் வரவேமாட்டேன் என்றுவிட்டார்.

கடல் மீன்தொட்டிகளுக்கு விடும், அமிலம்போலவே தசையை அரிக்கும் அந்தக் காரக் கரைசல் இப்போது தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கான்களில் இருக்கிறது. இறுக்கமான திருகுமூடி. மூன்று மொழியிலும் 'குடிக்க வேண்டாம்'. அமிலப் போத்தல்களிலிருந்து தள்ளி, பூட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டில்.

"எல்லாம் அவன் சொன்ன மாதிரியே செய்திட்டன், பிள்ளை" என்றார் முதலாளி. அவருக்குப் பெருமை, அண்ணா!

நீங்கள் கேட்டபோது ஏன் செய்யவில்லை? "அலுமினியத்தையே தின்னுற சாமான். அதைப் போய்க் குடிக்கிற தண்ணிப் போத்தலில ஊத்தி வைக்கிறார். பாத்தா தண்ணி மாதிரியே இருக்கு" என்று வீட்டில் எத்தனை தரம் கத்தினீர்கள். கான் வாங்கச் சொன்னதற்கு, "மீனுக்குப் போடுறதுதானே, மனுசரை என்ன செய்யும்?" என்று சிரித்தாராம்.

அன்று மட்டக்குளியில் ஒரு வீட்டில் தொட்டியை இறக்கிவிட்டு வெயிலில் கடைக்குத் திரும்பி வந்தீர்கள். உங்கள் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில், அதே மாதிரிப் போத்தலில் அவர் கரைசலை ஊற்றி வைத்திருந்தார். ஒரு மிடறுதான். தொண்டை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் "தண்ணி" என்று உங்கள் உதடு மட்டும் அசைந்தது. வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றார்கள். என் அண்ணாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் தரவில்லை.

செத்தவீட்டிலேயே கேட்டார்கள்: "மோந்து பாத்துக் குடிச்சிருக்கலாமே?" ஊற்றி வைத்தவரை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

அலுமாரிக்கு மேலே மாலை போட்ட உங்கள் படம் தொங்கியது. கதிரையில் ஏறிக் கழற்றினேன்.

"ஏன் பிள்ளை, மரியாதைக்குத்தானே மாட்டினனான்?"

"அண்ணா உயிரோட இருக்கேக்க தந்திருக்கலாம், அந்த மரியாதையை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மரண விசாரணையில, அவன்தான் கவனிக்காமல் குடிச்சவன் எண்டு நீங்களும் சொன்னா எல்லாருக்கும் நல்லது."

உடுப்புப் பையையும் உங்கள் படத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விசாரணைக்குப் போவேன், அண்ணா. போத்தலில் ஊற்றியது யார், வேண்டாம் என்று சொன்னது யார் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அந்தப் பழி உங்கள் மேல் விழ நான் விடமாட்டேன்.

உங்களுக்குப் பிறகு பிறந்தவள்,
உங்கள் தங்கச்சி