கொர்தோபாத் தூண்களுக்கு நடுவே இரண்டு தரம்

கோபத்திலும் என் பங்காளியாகவே இருந்த தம்பி சேகருக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. காஞ்சிபுரத்தைத் தாண்டினால் மெட்ராஸ், அதோடு உலகம் முடிந்தது என்று இருந்த நான், ஸ்பெயினில் கொர்தோபா என்ற ஊரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அமுதாவுக்கு இங்கே வேலை. நீ தாய்மாமனாக வந்து நிற்காத அதே அமுதாதான்.

நான் நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கவில்லை என்று என் மகள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தாய். என் வீட்டுக்காரரை, உன் மாமாவை அனுப்பினேனே, அவர் வைத்த தட்டு தட்டில்லையா? மாலை எடுத்துத் தர ஆளில்லாமல் என் பிள்ளை மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

நேற்று அமுதா என்னை இந்த ஊர்ப் பழைய பள்ளிவாசலைப் பார்க்கக் கூட்டிப்போனாள். ஆயிரம் வருஷத்துக்கு முன் அரபு ராஜாக்கள் கட்டியதாம். பிறகு ஜெயித்து வந்தவர்கள் அதற்குள்ளேயே, நட்டநடுவில் ஒரு மாதாகோவிலை எழுப்பிவிட்டார்கள். வெளி முற்றத்தில் ஆரஞ்சு மரங்கள். மரத்துக்கு மரம் கல்லில் வெட்டிய வாய்க்கால்.

“நம்மூர்க்காரன் எவனோ வந்து வாய்க்கா வெட்டிட்டுப் போயிருக்கான்” என்றேன்.

“எல்லாத்தையும் நம்மூர்க்காரனே வந்து வெட்டிக்கினு இருந்தா, நம்மூர்ல யாரும்மா இருந்தாங்க?” என்று சிரித்தாள்.

உள்ளே நுழைந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். தலைக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். வெளியே உச்சி வெயில், உள்ளே அந்தி. முன்னால் நடந்த ஆட்கள் நாலு தூண் தாண்டியதும் காணாமல் போனார்கள், காலடிச் சத்தம் மட்டும் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு தூணைத் தொட்டேன். சற்று முன்புவரை யாரோ சாய்ந்திருந்த மாதிரி வெதுவெதுப்பு.

“அக்கா.”

எனக்குப் பின்னால்தான். நான் திரும்பவில்லை.

“அக்கா.”

அமுதா நின்றாள். “யாரும்மா அக்கான்னு கூப்ட்டது? இங்க தமிழாளுங்க ஒருத்தரும் இல்லியே.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல.”

“சேகர் மாமா குரலாட்டம் கீதும்மா.”

“சும்மா வா.”

“வான்னு சொல்லிட்டு நீ நிக்கிறியே. மூணாவது தரத்துக்குக் காத்துக்கினு கீறியா?”

உச்சிப் பொழுதில் ஆள் தெரியாமல் யாராவது கூப்பிட்டால், மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும், பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால்தான் மூன்று வருஷமாக ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

நீ போன அன்று பொழுது சாய்கையில் எங்கள் ஊர் ஏரிக்கரை மரத்தடியில் உன்னைப் பிணமாகப் பார்த்தார்கள். மாரடைப்பு என்றார்கள், உயிர் எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை. “உச்சியில ரெண்டு தரம் குரல் கேட்டுது, மூணாவது வரல, அதான் நான் எந்திரிக்கல” என்று சொன்னேன். “அப்பவே செத்துப் பூட்டான். ஆவிதான் அக்காவத் தேடி வந்துகீது” என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நான் மறுக்கவில்லை.

உன் பெண்டாட்டி செல்வி அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். “நல்ல வேள அண்ணி, நீங்க எந்திரிச்சி வந்திருந்தா உங்களயும் இட்டுக்கினு பூட்டிருக்கும்” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். தன் கையால் மோரும் கொடுத்தாள். குடித்தேன்.

சேகரு, முதல் தரத்திலேயே உன் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது. கதவிடுக்கில் உன் நிழல் விழுந்தது. வாசல் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தாய், பிறகு இறுக்கி மூடினாய். எந்தப் பேய் குழாயை மூடும்? இன்னொரு தரம் கூப்பிடட்டும், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கெஞ்சட்டும் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நீயும் என் ரத்தம்தானே? இரண்டோடு நிறுத்திக்கொண்டாய்.

எதற்காக வந்தாய்? அப்போதே நெஞ்சு வலித்ததா? சமாதானமா, சண்டையா? கதவைத் திறந்திருந்தால் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க முடியுமா?

அந்தத் தூண்களுக்கு நடுவே, பொழுது சாய்ந்து கதவு சாத்துகிற நேரம் என்று காவலாள் கை காட்டும்வரை நின்றேன். மூன்றாவது குரல் வரவில்லை. வெளியே வந்ததும் அமுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அத்தைக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

வருகிற மாதம் ஊருக்குத் திரும்புகிறேன். வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே உன் ஊரான பெருநகருக்குப் பஸ் ஏறி செல்வி முன்னால் நின்று சொல்வேன்: “அவன் உசுரோடதான் வந்தான். தெரிஞ்சேதான் நான் கதவத் தொறக்கல.” நாளைக்கு நானே பேச்சை மாற்றிவிடக் கூடாது என்றுதான் இதை நாலு பேர் படிக்க எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வராதது உன் தப்பு, அதில் மாற்றமில்லை. அவள் என்னை என்ன சொன்னாலும், எது செய்தாலும், வாசலை விட்டு நகராமல் நின்று வாங்கிக்கொள்வேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்கா,
தனலட்சுமி